தவக்காலத்தில் அப்பாவுக்கு வந்த நடுக்கம்

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். செபக்குழுவிலிருந்து ரீட்டா அன்ரியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். அண்ணன் கட்டாரில். வைத்தியர் எவரும் இல்லை. தேட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

நடுவில் பாயில் அப்பா. துறைமுகத்தில் வேலை செய்கிறவர். வருடா வருடம் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று சாராயத்தை நிறுத்தி, உயிர்ப்பு ஞாயிறு முடிந்ததும் தொடங்குவார். எங்கள் ஒழுங்கையில் பல ஆண்களுக்கு அதுதான் வழக்கம். ஆனால் அண்மைக்காலமாக அவருக்குக் காலையிலும் தேவைப்பட்டது. இம்முறையும் ஒரேயடியாக நிறுத்தினார். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

மூன்றாம் நாள் கை நடுங்கியது. சட்டை வியர்வையில் நனைந்தது. இல்லாத எறும்புகளைச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தார். கெட்ட ஆவி வெளியேறுகிறது என்றார் வந்த பெண்களில் ஒருவர். செபமாலை தொடங்கினோம். நான் களைத்துப்போயிருந்தேன். ஆண்டவரே, அப்பாவைச் சாக விடாதேயும். வேறு செபம் எனக்கு வரவில்லை.

அப்போது அவருக்கு வலிப்பு வந்தது. ரீட்டா அன்ரி செபத்தைப் பாதியில் நிறுத்தினார்.

“மகன், ஓடிப்போய் த்ரீவீல் ஒண்டு பிடி.”

செபத்தை முறிக்கக் கூடாது என்று கெட்ட ஆவி பற்றிச் சொன்ன பெண் தடுத்தார்.

“மிச்சத்தைப் போற வழியில சொல்லுவம். மனுசன் செத்தா ஆருக்குச் செபிக்கிறது?”

என் செபத்துக்குப் பதில் அதுதான்.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு அடக்கினார்கள். டொக்டர் சிங்களத்தில் விளங்கப்படுத்தியதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். மூளையில் செய்தி கொண்டுபோகும் இரசாயனங்கள் உண்டு. காபா அடக்கும், குளுட்டமேட் கிளப்பும். சாராயம் அடக்குவதைக் கூட்டி, கிளப்புவதை அமுக்கும். நாளாக ஆக மூளை அதை ஈடுசெய்யப் பழகும், தன் அடக்கத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டும். திடீரென்று நிறுத்தினால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். அதுதான் நடுக்கம், வலிப்பு. சிலருக்கு மரணம்.

“அப்ப குடியை விட்டது பிழையா?” அம்மா கேட்டார்.

“விட்டது சரியாம் அம்மா. மருந்தில்லாமல் விட்டதுதான் பிழையாம்.”

அப்பா இன்றுவரை குடிக்கவில்லை. கிளினிக் போகிறார். நித்திரை குறைவு, கோபம் அதிகம். மூளை பழைய நிலைக்கு வர நாள் எடுக்குமாம். நாங்களும் களைத்துத்தான் இருக்கிறோம். ஆனாலும் மாலையில், அண்ணன் இல்லாமல் நால்வராக முடியாவிட்டாலும், மூவராகச் செபிக்க முழந்தாளிடுகிறோம் என்பதே எனக்குப் போதும். முன்பு அம்மாவும் நானும் மட்டுமே.

உங்கள் வீட்டிலும் ஒருவர் குடியை விட நினைத்தால் ஆண்டவரை நம்பிச் செபியுங்கள், வைத்தியரிடமும் கூட்டிப்போங்கள். செலவை நினைத்துத் தயங்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. த்ரீவீலுக்குக் கொடுத்தது நானூறு ரூபா.