நான் நீக்கிக் கொடுத்த காற்று

ஜூஜுவாடியில் எங்கள் தெருவிலேயே உயரமான மொட்டைமாடி என்னுடையது. அதனால்தான் என்னிடம் வந்தார்கள். பெங்களூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி, கருவியைத் தூக்க இரண்டு பேர். சிறிய பீரோ அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து கம்பத்தின் உச்சிவரை ஏறிய ஒரு குழாய். குழாய் காற்றை உறிஞ்சும். அதில் கரியமில வாயு எவ்வளவு என்று பெட்டி இரவும் பகலும் எழுதிக்கொள்ளும்.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்றேன்.

“பெங்களூர் மேல இருக்கிற காத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள கட்டறோம் சார். சிட்டி, சுத்துப்பட்டு எல்லாத்தையும் சதுரம் சதுரமா வெட்டி, எந்தச் சதுரத்துல இருந்து எவ்ளோ கிளம்புது, காத்து அதை எங்க தள்ளுதுன்னு பாக்கறது. மழை முடிஞ்சா காத்து உங்க பக்கமாதான் சிட்டிக்குள்ள வரும். உள்ள வர்றதுக்கு முன்னாடி எப்படி இருக்குன்னு தெரியணும். உங்களது பேக்ரவுண்ட் ஸ்டேஷன்.”

பின்னணி. ஆடுகிறவர்கள் மாநில எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம். தொங்குகிற படுதா நாங்கள். லாரிகள் ஒன்றின் முதுகில் ஒன்று மூச்சுவிட்டு நிற்கும் இந்தச் சாலை, மின்சாரம் போனதும் ஒரே குரலில் உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர்கள், எல்லாம் படுதா. அன்று அதற்குச் சிரித்தேன்.

போகும்போது ஒரு நோட்டைக் கொடுத்தாள். தேதி, நேரம், குறிப்பு என்று மூன்று பத்தி. “பக்கத்துல ஏதாச்சும் எரிஞ்சா எழுதிடுங்க சார். ரொம்ப முக்கியம்.”

முக்கியம் என்ற சொல்லை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. பதினெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். அங்கே எழுதாதது நடக்காதது. எழுதிவிட்டால், சிவப்பு மையில் எழுதிவிட்டால், யாரோ ஒருவர் வந்து பதில் சொல்லியே தீர வேண்டும். அந்தக் கையோடு மாடியேறினேன். ‘காலை ஒன்பது பத்து: ஃபவுண்டரியில் இரும்பு உருக்க உலை மூட்டினார்கள். கோக் கரி.’ ‘பதினொன்று நாற்பது: பசுமைக்குடிலில் கழித்த ரோஜாச் செடிகள் எரிகின்றன.’ ‘மூன்று மணி: புகை எழவில்லை, உட்கார்ந்திருக்கிறது.’ எப்போதாவது எழுதும் கவிதைக்குக்கூட நான் அவ்வளவு உண்மையாக இருந்ததில்லை.

ஃபவுண்டரிச் சுவரை ஒட்டி மெஸ் நடத்துகிறவர் திருநெல்வேலிக்காரப் பெண். கணவருக்கு இங்கே கம்பெனியில் வேலை கிடைத்து வந்த குடும்பம். குழம்புச் சட்டியை ஒரு நிமிடம் திறந்து வைத்தால் மேலே கரி மிதக்கும். மகளுக்கு மூச்சிழுப்பு. இந்த நிலையில்தான் ஃபவுண்டரி இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டது. அது நிற்கப்போகும் இடம், மெஸ்ஸின் அடுப்படிக்கு நேர் பின்னால். ஊராரின் ஆட்சேபத்தைக் கேட்க அதிகாரிகள் வருவார்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

“அண்ணாச்சி, உங்க மெசின் எல்லாம் எழுதுதா?” என்று கேட்டார் மெஸ்காரப் பெண்.

“கருவியும் எழுதுது, நானும் எழுதறேன்.”

“அப்பம் அந்தப் பேப்பரை வாங்கித் தாங்க. நான் வாயால சொன்னா எவன் கேக்கான்? இன்னொரு உலை வந்துச்சுன்னா நான் மெஸ்ஸைப் பூட்டிட்டுப் போவண்டியதுதான்.”

வாங்கித் தருகிறேன் என்றேன். கரியமில வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை, அது கரித்தூளும் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் எரிகிற இடத்தில் அது இருந்தாக வேண்டும். உலையின் கைரேகை அது. அது போதும் என்று நம்பினேன்.

நான் கேட்டதற்கு இணங்கி மாணவி அந்த வாயுவின் வரைபடத்தைக் கொண்டுவந்தாள். என் வீட்டுக் கூடத்தில் விரித்தோம். வாயு மிகுந்த நகரத்தின் நடுவே செந்தூர நிறம். வெளியே வர வர ஆரஞ்சு, மஞ்சள். எங்கள் சதுரம் வெளிறிய நீலம். புகையே இல்லாத பேரிகை ஊர்ப்பக்கத்து வயல்களுக்கும் எங்களுக்கும் ஒரே நீலம்.

“எங்க உலை எங்கம்மா?”

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. “அந்த மணிநேரம் எல்லாம் எடுத்துட்டோமே சார். நீங்கதான் குறிச்சுக் குடுத்தீங்க. பக்கத்துப் புகை கலந்தா ரீடிங் முழு வட்டாரத்தையும் சொல்லாது. குறிப்பு இருக்கிற நேரத்தை நீக்கிட்டுத்தான் மாடலுக்குக் குடுப்போம். உங்க நோட்ஸ் மாதிரி சுத்தமா வேற ஸ்டேஷன்ல வரலை, கைடு மேடம் மத்தவங்ககிட்ட காட்டினாங்க.”

என் தொழிலில் குறிப்பு என்றால் சாட்சி. அவள் தொழிலில் குறிப்பு என்றால் கத்தரிக்கோல். உலை எரிந்த ஒவ்வொரு மணிநேரத்தையும் தேடித்தேடி, நேரம் பிசகாமல், நானே வெட்டிக் கையில் கொடுத்திருக்கிறேன். சோம்பேறி ஒருவனிடம் இந்த நோட்டு போயிருந்தால் எங்கள் சதுரம் கொஞ்சமாவது சிவந்திருக்கும்.

“நீக்காததைத் தர முடியாதா?”

“ஆய்வுக் கட்டுரை வெளியாகற வரைக்கும் வெளிய தரக்கூடாது சார். சாரி.”

பொய் சொல்லவில்லை அவள். கெட்டவளும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கருவியின் வடிகட்டியை மாற்றிவிட்டுப் போனாள்.

ஆட்சேபக் கூட்டத்துக்கு வரைபடத்தை எடுத்துப்போகவில்லை. நோட்டை எடுத்துப்போனேன். மெஸ்காரப் பெண் எழுந்து மகளைப் பற்றி, சட்டியைப் பற்றிச் சொன்னார். அதிகாரி ஆதாரம் கேட்டார். நான் நோட்டை நீட்டினேன். நாலு பக்கம் புரட்டினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது கையால எழுதினது. மாடியில மெஷின் இருக்குதுன்னு இதுலயே போட்டிருக்கீங்களே, அது என்ன சொல்லுது?”

மெஸ்காரப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் காற்று சுத்தம் என்று அது சொல்கிறது. அப்படிச் சொல்லவைத்தவன் நான். இந்த இரண்டில் ஒன்றைக்கூட அந்தச் சபையில் என் வாய் சொல்லவில்லை. வெளியே வந்தபின், வேப்பமரத்தடியில், அவரிடம் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அனுமதி வந்துவிட்டது. உலைக்குக் குழி தோண்டத் தொடங்கிய வாரம் மெஸ்ஸின் முன்னால் ஒரு டெம்போ நின்றது. பெஞ்சுகளை ஏற்ற நானும் கை கொடுத்தேன். கடைசியாகக் கிரைண்டரை ஏற்றிவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“நாளைக்கும் மாடியேறி எழுதுவீயளா அண்ணாச்சி?”

“எழுதாம விட்டா அவங்க கணக்கு தப்பாயிடும்.”

“அது சரியா இருக்கட்டும்,” என்றார். மகளை முன்னால் ஏற்றி, தானும் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார்.