டெல்ஃபினாவுக்குப் படியில்லா வாசல்

டூசான் நகரத்தின் தெற்கே எந்த வீட்டு வாசலில் நீங்கள் கால் வைத்தாலும் அது செவெரோ புஸ்தமாந்தேயின் சிமெண்டுக் கரணை வழித்ததாகத்தான் இருக்கும். அந்தச் செவெரோ நான்தான். பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்போடு விட்டுவிட்டது, சிமெண்டு விடவில்லை. இன்று என் பெயர் எழுதிய கலவை லாரி முனையில் திரும்பினால் நாய்கூட வழிவிடும்.

இவ்வளவு பெருமையும் டெல்ஃபினா சோக்கியிடம் செல்லாது. அவள் எனக்கு வைத்திருந்த பெயர் "படிக்கட்டு". "என்ன படிக்கட்டு, இன்னைக்கு எந்த வீட்டு வாசல்ல என்னை நிறுத்தப்போற?" என்று தெருவிலேயே கேட்பாள்.

சின்ன வயதில் ரோடியோ பந்தயத்தில் குதிரை தள்ளிவிட்டதிலிருந்து அவளுக்குச் சக்கர நாற்காலி. அந்தக் குதிரையை அவள் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை. திட்டெல்லாம் படிகளுக்குத்தான். வழியில் நின்றுபோன கார்களை இழுத்துவரும் கம்பெனியில் ஓட்டுநர்களை இடம் சொல்லி அனுப்பும் ரேடியோ அவள் கையில் இருந்தது. மலைபோன்ற ஓட்டுநர்கள் அவள் குரலுக்கு நடுங்குவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போனால் அதே ஓட்டுநர்கள் பீர் வாசனையோடு நாலு பக்கமும் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

"டேய், நான் என்ன துணி துவைக்கிற மெஷினா? சாய்க்காதீங்கடா, பாவாட தூக்குது" என்று மேலேயிருந்து கத்துவாள்.

பிறகு எங்கள் மாவட்டத்தில், இங்கே கவுண்டி என்பார்கள், ஒரு சட்டம் பேச ஆரம்பித்தார்கள்: புதிதாகக் கட்டும் வீட்டுக்கு ஒரு வாசலாவது படியில்லாமல் இருக்க வேண்டும். கட்டுகிறவர்கள் குதித்தார்கள். ஜூலை மழை வெள்ளம் கூடத்துக்குள் வந்துவிடும் என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து, "தண்ணி வெளியே ஓட வாட்டம் விடத் தெரியாதவனுக்குத்தான் வெள்ளம் வரும்" என்றேன். கூட்டம் கைதட்டியது, ஆனால் அன்று பேச்சில் ஜெயித்தது நான் இல்லை, டெல்ஃபினா. டை கட்டிய ஒருவர், "வீட்ல சீக்காளி யாரும் இல்லாதவங்க எதுக்கு இப்படிக் கட்டணும்?" என்றார். அவள் மைக்கை இழுத்தாள்.

"நானும் சீக்காளி இல்லீங்க. விருந்தாளி."

சட்டம் வந்தது. எங்கள் தெருவில் அதன்படி எழும்பிய முதல் வீடு அவளுடைய உயிர்த்தோழி சாயோவுடையது. பாதிரியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்கும் நாளில் மெழுகுவத்தி ஏந்தி முதலில் நுழைய வேண்டியவள் அந்த வீட்டின் ஞானத்தாய். சாயோ டெல்ஃபினாவைக் கேட்டாள். டெல்ஃபினா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "என் நாற்காலிய ஒருத்தனும் தொடக் கூடாது. நானே உருட்டி முன்வாசல் வழியா போவேன். யாராச்சும் தூக்குனா அப்படியே திரும்பிருவேன்."

வாசலை நானே போட்டேன். தெருவிலிருந்து கதவுவரை ஒரே வழவழப்பு. தண்ணீர் லாரியைக் கூப்பிட்டு, கதவை நோக்கிப் பீய்ச்சச் சொன்னேன். கதவுக்குள் ஒரு சொட்டு போகவில்லை. கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பாதிரியார் ஆன்செல்மோ வந்துவிட்டார், மரியாச்சி பாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், டெல்ஃபினா சிவப்புக் கவுனில் மெழுகுவத்தியோடு வந்தாள். கதவருகே போய் நின்றாள். நின்றவள் நின்றவள்தான்.

கதவுக்கு முன்னால் நீலமும் மஞ்சளுமாக ஒரு படி.

சாயோவின் தம்பி, டைல்ஸ் ஒட்டும் நாச்சோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "எப்படி இருக்கு மேஸ்திரி? நீங்க போனதும் ராவோட ராவா ஒட்டிட்டேன். படி இல்லாம பாக்க காருக்குக் கட்டுன ஷெட்டு மாதிரி இருந்துச்சு. ஞானத்தாய் நுழையிற வாசலாச்சே, ஒரு மரியாத வேணாமா?"

"யாருக்குடா மரியாத?"

"டெல்ஃபினாக்காவுக்குத்தான். சின்னதாத்தான் வச்சேன், நாலு விரக்கட ஒசரம்."

சாயோ தலையில் கைவைத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழக்கதோஷம், நாலு ஓட்டுநர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார்கள். டெல்ஃபினா சக்கரத்தின் பிரேக்கைப் போட்டாள்.

"தொட்டுப் பாருங்க. இப்பவே வீட்டுக்குப் போறேன். மெழுகுவத்தியும் என்கூட வரும்."

நான் லாரியிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்துவந்தேன். ஓங்கினேன். பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ மாதா" என்றார்கள். அப்போதுதான் பார்த்தேன். படியின் முன்முகத்தில் நடுநாயகமாக ஒரு டைல். அதில் குவாதலூப்பே மாதா, கதிரும் நட்சத்திரமுமாக. என் கை மேலேயே நின்றது. பாதிரியார் மேகத்தை ஆராய ஆரம்பித்தார். ட்ரம்பெட்காரன் மட்டும், "இப்ப நான் எந்தப் பாட்ட ஊதுறது?" என்றான்.

"நாச்சோ, மாதா எந்தப் பக்கம் பாத்துட்டிருக்கா?" என்று கேட்டாள் டெல்ஃபினா.

"தெருவத்தான்க்கா."

"அப்ப அவளும் என்னை மாதிரி வெளியதான் நிக்கிறா. உள்ள கூட்டிட்டுப் போங்கடா. டிசம்பருக்கு டிசம்பர் திருவிழாவுல தோள்ல தூக்கிட்டு ஊர் சுத்துறீங்க, அவளுக்குத் தூக்குறது பழக்கம். எனக்குத்தான் இன்னும் பழகல."

பாதிரியார் மேகத்தை விட்டு இறங்கிவந்து, "இதுல தப்பொன்னும் இல்ல" என்றார்.

சுத்தியலை வீசிவிட்டு உளியை எடுத்தேன். நாச்சோவின் கலவை இன்னும் இறுகவில்லை. சுற்றிலும் தட்டி, அடியில் கம்பியை விட்டு நெம்பினேன். மாதாவின் மேல் ஒரு கீறல் இல்லாமல் படி முழுசாகக் கையோடு வந்தது. இந்த ஊரில் இதை வேறு எவன் செய்வான் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டைக் கையை மடித்த நாலு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. படியைத் தோளில் ஏற்றினார்கள், ட்ரம்பெட் அலறியது, நாச்சோ அழுதுகொண்டே முன்னால் நடந்தான். மாதா கூடத்தைத் தாண்டிப் போய் அடுப்படியில் விருந்துக்குத் தமாலே வேகும் பானைக்குப் பக்கத்தில் அமர்ந்தாள்.

நான் உதிர்ந்த மணலைப் பெருக்கிவிட்டு ஒதுங்கினேன். டெல்ஃபினா பிரேக்கை எடுத்தாள். சக்கரத்தை ஒரு தள்ளு. உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான், சத்தம்கூட இல்லை. மெழுகுவத்தி அணையவில்லை.

கூடத்தில் ஒரு வட்டம் அடித்தாள். படுக்கையறையை எட்டிப்பார்த்து, "ஏன்டி சாயோ, உன் புருஷன் போர்வைய மடிக்கவே மாட்டானா?" என்றாள். குளியலறைக் கதவைத் திறந்து மூடினாள். பிறகு வந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டாள்.

"என்னடி, ஏன் வெளிய வந்துட்ட?" சாயோ பதறினாள்.

"மறுபடி நுழையணும்ல."

நுழைந்தாள். வெளியே வந்தாள். மறுபடி நுழைந்தாள். குழந்தைகள் பின்னால் ரயில் கோத்துக்கொண்டார்கள், பாட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், சாயோ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து அவள் நாற்காலியின் பின்னாலேயே ஓடினாள். ஒவ்வொரு தடவை டெல்ஃபினா உள்ளே வரும்போதும் பாதிரியார் முறைப்படி தீர்த்தம் தெளித்தார். கடைசியில் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"யாராச்சும் குழாய்ல ஒரு வாளி புடிச்சிட்டு வாங்கம்மா, மந்திரிச்சுக்கிறேன்" என்றார். "இவ நிறுத்துற மாதிரி தெரியல."