ஞாயிற்றுக்கிழமைச் சுற்று

எங்கள் குடும்பத்தில் உயரத்துக்குப் போனவன் என் தம்பி ஒருத்தன்தான் என்று அண்ணன் கிண்டல் செய்வார். தம்பிக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்தான். நாற்பத்தாறு வயதாகியும் எங்களுக்கு அவன் கடைக்குட்டிதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டான். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறைக்கு அடுத்த அறையில் குடியிருந்தான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பானர்கள். மோட்டார் இழுக்கிற சத்தத்தை வைத்தே எந்த மாடியில் ஆள் இறங்குகிறார் என்று சொல்லிவிடுவான். கிரீஸ் கறை போகாத விரல்கள். அவன் சட்டைகளை நான் வேலை பார்க்கிற சலவைக் கடைக்குக் கொண்டு வராதே என்று நானே அவனை விரட்டியிருக்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெரியப்பா இறந்தபோது, அவர் சொல்லியிருப்பார் இவர் சொல்லியிருப்பார் என்று ஆளாளுக்கு விட்டதில், கடைக்குட்டிக்கு மூன்று நாள் கழித்துத்தான் சேதி போனது. வீடே ரெண்டுபட்டது. அப்போது பெரியக்கா ஒரு சட்டம் போட்டாள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவள் எனக்குப் போன் செய்வாள். நான் அண்ணனுக்கு. அண்ணன் சித்தி மகளுக்கு. நாற்பது வயதிலும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். பாப்பா கடைக்குட்டிக்கு. கடைக்குட்டி பெரியக்காவுக்கு. கேட்ட சேதியோடு தன் சேதியையும் சேர்த்து அடுத்தவரிடம் சொல்ல வேண்டும். முழங்கால் வலி, ஒழுகுகிற குழாய், பிள்ளைகளின் மார்க், பக்கத்து வீட்டோடு சண்டை, எல்லாம் ஒரு மணிக்குள் ஒரு சுற்று வந்துவிடும்.

ஊரில் எல்லாரும் சேதிக்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள். நாங்கள் நேரெதிர். இருக்கிற மூக்கையும் அறுத்துவிடுவோம். பெரியக்காவுக்கு ரத்த அழுத்தம், அண்ணன் வாத்தியார் என்று பேர், ஆனால் தொட்டதற்கெல்லாம் அழுவார். அதனால் கெட்ட சேதியை ஆளுக்குக் கொஞ்சம் பூசி மெழுகித்தான் அடுத்தவரிடம் தள்ளுவோம். அண்ணன் மகன் மூன்று பாடத்தில் தோற்றது, மூன்று வாய் மாறி என் காதுக்கு வந்தபோது "ஒரு பேப்பர் கொஞ்சம் கஷ்டமாம்" என்று வந்தது. உண்மை தெரிந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை மதியம். கடையில் கூட்டம் நெரிகிறது. சுற்றையெல்லாம் தாண்டி கடைக்குட்டி நேரே எனக்குப் போன் செய்தான்.

"என்னடா, கடை நேரத்துல?"

"சின்னக்கா, ரெண்டே நிமிஷம். வலது கண்ணுல ஓரமா திரை இறங்குற மாதிரி கருப்பா தெரியுது. லிஃப்ட் குழிக்குள்ள வெளிச்சம் பத்தலன்னு நெனச்சேன். இன்னிக்கு டாக்டர்கிட்ட போனா, கண்ணுக்குப் பின்னால இருக்கற சவ்வு கழண்டுக்கிட்டு வருதாம். நடுப்பார்வை போறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணுமாம். வியாழக்கெழம காலைல வரச் சொல்லிட்டாங்க."

"சரி, பண்ணிக்கோ. அதுக்கென்ன இப்ப?"

"கூட ஆள் இல்லாம சேத்துக்க மாட்டாங்களாம்க்கா. அப்புறம் பத்து நாள் குப்புறவே படுத்துக் கெடக்கணும். தலைய நிமித்தவே கூடாது. சாப்பாடுகூட யாராவது கிட்ட வெச்சாத்தான்... யாராவது வந்தா நல்லாருக்கும்."

உன் வீட்டுக்கு வரட்டுமா என்று அவன் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் கேட்டது. எங்களுடையது இரண்டு அறை வீடு. மகளுக்கு இறுதிப் பரீட்சை. விருந்தாளி இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினாலே என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மகள் படிக்கிற மேசைக்குக் கீழே ஒரு ஆள் பத்து நாள் குப்புறக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். எதிரே ஒரு அம்மா கோட்டு ஒன்றை நீட்டியபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சரிடா, நான் எல்லாருக்கும் சொல்றேன். பாத்துக்கலாம்."

"எல்லாத்தையும் சொல்லிடுக்கா. ஆள் வேணுங்கறதையும்."

"அதான் சொல்றேன்னு சொல்றேன்ல!"

போனை வைத்துவிட்டுக் கோட்டை வாங்கிப் பார்த்தேன். சீட்டில் எழுதினேன்: இடது கை, மடிப்பு, காப்பிக் கறை. துணி வாங்கும்போதே கறையை எழுதாவிட்டால் பிறகு அது நம் தலையில் விழும். அந்த விஷயத்தில் நான் படு உஷார்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்தேன். "கடைக்குட்டிக்குக் கண்ணுல ஏதோ சின்ன ஆபரேஷனாம்ணே. வியாழக்கெழம."

"ஐயையோ. கூட யாரு போறாங்க?"

கேட்டார். கேட்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். "அவன் என்ன கொழந்தையா? அங்கயே எல்லாம் பாத்துப்பாங்க" என்றேன். பத்து நாள் சேதியை அப்படியே விழுங்கிவிட்டேன். அண்ணன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. ஆனால் அதைச் சொன்னால், நீ ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வி வரும். அவன் அண்ணனிடம் தானே பேசிக்கொள்வான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணன் பாப்பாவிடம், "கண்ணு காட்டப் போறானாம்" என்றார். பாப்பா குழந்தைகள் வார்டில் நர்ஸ், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவள். அவள் பெரியக்காவிடம், "கண்ணாடி போடணும் போல" என்றாள். புதன்கிழமை எல்லாரும் அக்கறையாக அவனைக் கூப்பிட்டார்கள். அண்ணன், தைரியமா இரு என்றார். பாப்பா, எல்லாம் சரியாயிடும்ணா என்றாள். பெரியக்கா கறுப்பு ஃபிரேம் வாங்கச் சொன்னாளாம், அதுதான் அவன் மூஞ்சிக்கு எடுப்பாக இருக்குமாம். எல்லாருக்கும் அவன் சரி, சரி என்று சொல்லியிருக்கிறான். ஒருத்தியிடம் கேட்டுப் பார்த்தவனுக்கு இன்னொரு தடவை கேட்க மனம் வரவில்லை போல. நான் மட்டும் கூப்பிடவில்லை. என்ன ஏது என்று கேட்டால் அவன் மறுபடி ஆரம்பிப்பானே என்று பயம்.

வியாழக்கிழமை அவன் தனியாகப் போனான். வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூட வந்தது யார் என்று கேட்டார்கள். வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னான். மதியம்வரை அதையே சொன்னான். பிறகு, ஆளோடு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கட்டடத்து வாட்ச்மேன் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக்கொண்டு கூடப் போனார். இடையில் நான்கு நாள் ஓடிவிட்டது.

நடுவில் வந்த ஞாயிறன்று பெரியக்காவிடம், "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டேன்க்கா, நல்லாருக்கேன்" என்று சுற்றை முடித்து வைத்திருக்கிறான். பொய்யில்லை, போய்விட்டு வந்தவன்தானே. அதற்கடுத்த ஞாயிறு குப்புறப் படுத்தபடியே போன் செய்திருக்கிறான். குரல் அமுங்கிக் கேட்டதற்குச் சளி என்றானாம். பெரியக்கா சொல்லி எனக்கு அந்தச் சேதி வந்தபோது அப்பாடா என்று இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றுதான் இருந்தது.

மூன்றாவது வாரம், பாப்பா அந்தப் பக்கம் போனவள் அவனைப் பார்க்க மாடியேறினாள். அறையில் கிடந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டு அழுதுகொண்டே எல்லாரையும் கூப்பிட்டாள். எல்லாரும் ஓடினோம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கண்ணின் நடுவில் ஒன்றும் தெரியவில்லை, ஓரத்தில் மட்டும் கலங்கலாக ஏதோ தெரிகிறது என்றான். வாட்ச்மேன் கதவருகே நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தன பேரு இருக்கீங்களா இவருக்கு?" என்றார்.

பெரியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா பாவி? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

"இப்பக் கேட்டு என்ன, கண் கெட்ட பிறகு..." என்று அண்ணன் பழமொழியை ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

"அந்த வியாழக்கெழமையே பண்ணியிருந்தா நடுப்பார்வை தப்பிச்சிருக்கும்ணா" என்றாள் பாப்பா. "கூட ஆள் வேணும்னு ஒரு சொல் வந்திருந்தா நான் லீவு போட்டு ஓடி வந்திருப்பேனே. ஏண்ணா யார்கிட்டயுமே சொல்லல?"

அவன் தலையைத் திருப்பினான். நல்ல கண்ணால் என்னை ஒரு தடவை பார்த்தான். சொல்லப் போகிறான், சொல்லட்டும், சொல்லித் தொலையட்டும் என்று நின்றேன்.

"என் தப்புதான். நான்தான் யார்கிட்டயும் சரியா சொல்லல" என்றான்.

அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பக்கத்து அறையில் மோட்டார் ஓடி நின்றது. "ஏழாவது மாடி" என்றான், பேச்சை மாற்ற.

ஒற்றைக் கண்ணுக்குக் குழியின் ஆழம் பிடிபடாது. கம்பெனிக்காரர்கள் அவனைக் கீழே இறக்கி, புகார் எழுதுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றுவிட்டது என்று நோட்டில் குறித்து மற்றவர்களை அனுப்புகிற வேலை. உச்சியில் இருந்த அறையும் புதிதாக வந்த மெக்கானிக்குக்குப் போனது. இப்போது தெருவைப் பார்த்த ஒரு கீழ் அறையில் இருக்கிறான். மோட்டார் சத்தம் கேட்காததால் சரியாகத் தூக்கம் வருவதில்லை என்று பாப்பாவிடம் சொன்னானாம்.

இரண்டு மாதம் நான் சோற்றைக் கையால் அளைந்துகொண்டுதான் இருந்தேன். அவனிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுக்கா, பழசு" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்துகொண்டான். எல்லார் முன்னாலும் அவன் ஏற்றுக்கொண்ட பழியை எல்லார் முன்னாலும் இறக்கியாக வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிறு, என் முறை வந்தபோது அண்ணனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் எனக்குப் போன் செய்தது, ஆள் வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னது, பத்து நாள் கணக்கு, நான் விழுங்கியது, ஏன் விழுங்கினேன் என்பது, எல்லாம்.

அண்ணன் அழுதார். "இத அப்படியே பாப்பாகிட்ட சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்த கொறைக்கக் கூடாது" என்றேன். சரி என்றார்.

அன்று முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது கூப்பிட்டுக் காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் ஆயிற்று, ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு சரியாகப் பதினொரு மணிக்குப் பெரியக்கா கூப்பிட்டாள். முழங்கால் பரவாயில்லையாம். மாடி வீட்டுக்காரன் மறுபடி தண்ணீரை விட்டுவிட்டானாம்.

"ஆமா, நீ ஏண்டி இப்படி இருக்க?" என்றாள் பிறகு. "கடைக்குட்டி சொன்னான். நீ சரியா சாப்புடறதே இல்லயாம். அவன் கண்ணு போனதுக்கு உன்மேலயே பழியப் போட்டுக்கிட்டுப் பொலம்புறியாம். பைத்தியக்காரி! உனக்குச் சின்ன வயசுலேருந்தே எளகுன மனசு."

"இல்லக்கா, நெஜமாவே நான்தான். அவன் என்கிட்ட எல்லாத்தையும் சொன்னான்..."

"சும்மா இருடி. சின்னக்காவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவனே சத்தியம் பண்றான். பாப்பாகூட சொன்னாளாம், துக்கத்துல சில பேருக்கு இப்படித் தோணுமாம். சரி அத விடு, உன் சேதி சொல்லு. பொண்ணுக்கு ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"என்னாச்சு?"

"பாஸ். நல்ல மார்க்கு."

"அடி சக்க! இத மொதல்ல வாத்தியார்கிட்ட சொல்லு, சந்தோஷப்படுவான்" என்று போனை வைத்தாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். பெரியக்காவின் முழங்கால் பரவாயில்லை என்றேன். மாடி வீட்டுத் தண்ணீரைச் சொன்னேன். மகள் பாஸாகிவிட்டாள் என்று சொன்னேன். "வேற ஏதாவது உண்டாம்மா?" என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன்.