போனஸாக வந்த பட்டுச்சேலை

மைசூரில் அக்ரகாரம் என்கிற பேட்டையின் கடைத்தெருவில் சாமியாத்தாளைத் தெரியாதவர்கள் கிடையாது. சாயங்காலம் ஆனால் தோளில் பையும் கையில் சீட்டு அடிக்கும் சின்ன மெஷினுமாக வந்துவிடுவாள். ஒரு கூட்டுறவு வங்கிக்குப் பிக்மி என்கிற தினசரிச் சேமிப்பை வசூலிப்பது அவள் வேலை. பூக்காரி, முட்டைக்கடைக்காரர், செருப்புத் தைப்பவர் என்று அன்றாடம் சம்பாதிக்கிறவர்கள் அன்றைய வரவில் கொஞ்சத்தை அவளிடம் கொடுப்பார்கள். அவள் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் பணத்தை வங்கியில் கட்டுவாள். சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும்.

வசூலிக்கிற நேரத்தைவிடப் பேசுகிற நேரம்தான் அதிகம். ஹனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் கவின்ராஜ் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், செய்தால் உண்டு. வாடகை அறையில் பேச்சுத்துணை டிவி ஒன்றுதான். அதனால் கடைத்தெருவில் யார் மகளுக்கு வளைகாப்பு, யார் மாமியாரோடு சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முட்டைக்கடை மஞ்சுநாத் ஒரு டீ சொல்வார். கொள்ளேகாலத்துப் பூக்காரி பாப்பாத்தி உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்து, மகள் தாரணிக்கு வந்த வரன்களைப் பற்றிப் புலம்புவாள். உண்மையைச் சொன்னால், சாமியாத்தாளுக்கு அந்தத் தெருதான் வீடு. அறைக்குத் தூங்க மட்டும் போனாள்.

போன வருஷம் தசராவுக்கு முன்னால் வங்கியின் ஆண்டுவிழா நடந்தது. இயக்குநர்கள் தலையில் பேட்டா என்கிற ஜரிகை வைத்த மைசூர்த் தலைப்பாகை, தோளில் சால்வை, கழுத்தில் சந்தன மாலை. ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள், ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டார்கள். பெரிய அதிகாரிகளுக்குப் போனஸ் என்று கைதட்டலுக்கு நடுவே அறிவித்தார்கள். வங்கி உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தது அவர்களுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அள்ளிக்கொண்டார்கள் என்பது என் கட்சி. வசூலில் முதலிடம் என்று சாமியாத்தாளையும் மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பட்டுச்சேலையைக் கையில் கொடுத்தார்கள். வாயெல்லாம் பல்லாக அவள் நின்றபோது போட்டோ எடுத்தார்கள்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் வங்கி முடங்கியது. வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்த கடன் எதுவும் திரும்பவில்லையாம். யாரும் பணம் எடுக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அடுத்த வாரமே, மூழ்குகிற வங்கியில் போனஸைப் பங்கு போட்ட கதை பேப்பரில் வந்தது, கூடவே அந்தப் போட்டோவும். பேட்டாவுக்குக் கீழே இருந்த முகங்களைத் தெருவில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பேட்டா வைத்துவிட்டால் எல்லா இயக்குநரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். தெரிந்த முகம் ஒன்றே ஒன்று, அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமும் சாமியாத்தாள் தெருவுக்குப் போனாள். மஞ்சுநாத் முட்டை அட்டைகளை அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். செருப்புத் தைப்பவர், உன் பங்கு எவ்வளவு என்று கேட்டார். சேலை மட்டும்தான் என்றதும் சிரித்தார். தாரணியின் கல்யாணப் பணம் மொத்தமும் அந்த வங்கியில் மாட்டியிருந்தது. பாப்பாத்தி பூத்தொடுத்த கையை நிறுத்தவும் இல்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அது மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

என்ன நடக்கிறது என்று விசாரிக்க வங்கிக்குப் போனாள். ஏஜெண்டுகள் ஊழியர் கணக்கில் வரமாட்டார்கள், வெளியே ஜனங்களோடு நில்லுங்கள் என்று காவலாளி கதவைச் சாத்தினார். வெளியே நின்ற ஜனங்களோ அவளை வங்கிக்காரி என்று விலகிக்கொண்டார்கள். அவளுடைய சேமிப்பும் அங்கேதான் இருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்புறம் அவள் தெருப்பக்கம் போகவில்லை. நாள் முழுக்க வாய் திறக்காமலே பொழுது போயிற்று. காஸ் சிலிண்டர் போட வந்த ஆளை நிறுத்திவைத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாதிப் பேச்சில் நழுவிவிட்டார்.

பணம் போட்டவர்கள் வங்கி வாசலில் தர்ணா உட்காரப்போவதாக வாடகை வாங்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறைத்து வைத்தால்தானே திருட்டு? சேலையை உடுத்திக்கொண்டே போனால் கிடைத்தது இவ்வளவுதான் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் நடுவே பட்டு உடுத்திப் போய் நிற்காதே என்று சொல்ல, பாவம், அவளுக்கு ஓர் ஆள் இல்லை.

தர்ணாவில் கன்னடத்தில் கோஷம் தூள்பறந்தது. போனஸ் தின்றவர்களே, வெளியே வாருங்கள். கதவு திறக்கவே இல்லை. மயில்கழுத்து நிறப் பட்டு வெயிலில் மின்ன, சாமியாத்தாள் தெருவிலிருந்து நடந்து வந்து வாசல்படியில் ஏறி நின்றாள். கோஷம் அறுந்தது.

"போனஸ் வாங்குனவங்க வரோணும்னு கூப்பிட்டீங்க. நான் வாங்கினேன், வந்திருக்கறேன். எனக்குக் குடுத்தது இந்தச் சேலைதான். என்ற காசும் உள்ளதான் கெடக்குதுங்க."

அதையே கன்னடத்திலும் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். ஒருவர் மொபைலில் படம் பிடித்தார். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண் பாப்பாத்தி மேலேயே இருந்தது.

பாப்பாத்தி எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும், சாமியாத்தா. சேலைய நீயே வச்சுக்க. இந்த பேங்கு எங்க இருக்குதுன்னே நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். இவங்களை நம்பியா குடுத்தேன்? உன்ற கையிலதான குடுத்தேன்."

திருடி என்றிருந்தால் சாமியாத்தாள் சண்டை போட்டிருப்பாள், அழுதுகூட இருப்பாள். இதுவோ வசவும் இல்லை. பாப்பாத்தி திரும்பிப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்தாள். போனஸ் தின்றவர்களே, வெளியே வாருங்கள் என்று மறுபடியும் கோஷம் கிளம்பியது. உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் சாமியாத்தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.