தகரத்தில் குதித்த கார்

மகளின் ரிமோட் கார் மண்மேட்டில் எகிறி டொம்மென்று விழுந்தது. நான் வானத்தைப் பார்த்தேன்.

“மூக்கு தூக்கிருச்சுப்பா. அந்தரத்துலயே பிரேக்கத் தட்டுனா சமமா எறங்கிரும்,” என்றாள்.

சிறுவயதில் எனக்கு அந்த வித்தை தெரியாது. தாயில்பட்டி வீட்டில், சாய்த்துவைத்த பலகையில் என் ரிமோட் காரை ஏற்றித் தண்ணீர்த் தொட்டியின் தகரமூடிமேல் குதிக்கவிடுவேன். மூக்கு தூக்கி டொம்மென்று விழும். பட்டாசு ஊரில் அப்படிக் கேட்டால் எல்லோரும் வெளியே வந்து புகையைத் தேடுவார்கள். முதலில் அம்மாவும் ஓடிவந்தாள். பிறகு பழகிப்போய், அடுப்படியிலிருந்தே, “ஏலே, மெதுவா விடுலே” என்பாள்.

அப்பா பட்டாசு கம்பெனியிலிருந்து திரும்பாத அன்றும் டொம்மென்று கேட்டது. “மெதுவா விடுலே” என்றாள் அம்மா.

நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். கார் என் மடியில் இருந்தது.