இருபது கனெக்‌ஷன்

ஆபீசில் அவளுக்கு ‘மூடு அக்கா’ என்றே பேர். பாட்டில், டப்பா, அலமாரிக் கதவு, எது திறந்து கிடந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. “உங்கம்மா சண்டையில கதவை அடிச்சுட்டுப் போனாலும் தாழ்ப்பாளைச் சரி பார்த்துட்டுதான் போவா” என்று புருஷன் மகளிடம் கிண்டலடிப்பார்.

பதினாறு வருஷமாக புரோகிராம் எழுதுகிறவள். ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளிப் பதிவு முழுக்க அவள் கைவேலை. அது ஆறு வாரமாகத் தினமும் மதியத்துக்குள் அப்படியே உறைந்துவிடும். நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் உயிர் வரும். கவுண்டர் பெண்களுக்கு வரிசையில் நிற்பவர்களின் வசவுதான் மிச்சம்.

விஷயம் பெரிய சிதம்பர ரகசியமெல்லாம் இல்லை. கவுண்டர்களிலிருந்து வரும் வேலைகளை புரோகிராம் ஒரே நேரத்தில் பல த்ரெட்களாகப் பிரித்துச் செய்யும். பதிவெல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸோடு பேச அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது கனெக்‌ஷன். தண்ணீர் டிரம் பக்கத்து டம்ளர் மாதிரி, எடுத்தவர் திரும்ப வைத்தால்தான் அடுத்தவருக்கு. இருபதும் போய்விட்டால், வருகிற த்ரெட் எல்லாம் தேமேயென்று நிற்க வேண்டியதுதான்.

“என் கோட்ல ஒண்ணுமில்ல சார். டேட்டாபேஸ் பக்கம் பாருங்க” என்று முதல் மீட்டிங்கிலேயே அடித்துச் சொல்லிவிட்டாள். டேட்டாபேஸைக் கவனிப்பவர் வாயில்லாப் பூச்சி. “பார்க்கிறேன்மா” என்றார். பார்த்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளிக்கிழமையோடு அவரை அனுப்பிவிடுவது என்று முடிவானது.

வியாழக்கிழமை காலை அவள், புரோகிராம் தினமும் என்ன செய்தது என்று தானே குறித்துவைக்கும் பழைய பதிவுகளை மேய்ந்தாள். ரத்த வகை எழுதாத படிவம் வந்தால் புரோகிராம் ‘பிழை’ என்று திருப்பி அனுப்பும். எண்ணிப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் உறைவதற்கு முன்னால் அப்படிப்பட்ட படிவம் சரியாக இருபது.

தன் புரோகிராமைத் திறந்தாள். பிழை என்றதும் அங்கேயே திரும்பிவிடுகிற ஒரு வரி. கனெக்‌ஷனை ஒப்படைக்கும் வரி அதற்குக் கீழே, ஆள் நடமாட்டமே இல்லாமல் கிடந்தது. அந்தத் திரும்புகிற வரி, ஆறு வாரத்துக்கு முன்னால் அவளே சேர்த்தது. அட கடவுளே, ஊரையெல்லாம் மூடச் சொன்னவள்!

மேனேஜரிடம் ஓடினாள்.

“சத்தம் போடாம சரி பண்ணிடும்மா. அவர் லெட்டர் டைப் ஆயிடுச்சு.”

“தப்பு என்னுது சார்.”

“உன் பேரையும் ஏன் கெடுத்துக்கிற?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. பதினாறு வருஷத்துப் பேர் என்னாகும் என்று அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனாலும் சீட்டுக்கு வந்து, அந்த மீட்டிங்கில் இருந்த அத்தனை பேருக்கும் மெயில் எழுதினாள். அந்த வரி, அதைச் சேர்த்த தேதி, கீழே தன் பேர். அனுப்பியும்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் டேட்டாபேஸ்காரர் அவள் மேஜையருகே வந்து நின்றார். அவள் எழுந்தாள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்றிருந்தது.

“இந்த வரிதானாம்மா?” என்று திரையைக் காட்டிக் கேட்டார்.

“இதேதான் சார். மன்னிச்சிடுங்க.”

அவர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“நல்லவேளை நீ சொன்னேம்மா. எனக்கு வேலையே மறந்துபோச்சு போலன்னு வீட்ல சொல்லிட்டிருந்தேன்.”