ராமாத்தாளின் தூசுக் கும்மி

மலாயாவில் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டிய ராமாத்தாள், மாரியம்மன் திருவிழாக் கும்மிக்குப் பல வருடமாகத் தலைக்காரி. அங்கே ஒரு வழக்கம்: தலைக்காரி வருடந்தோறும் புதுப்பாட்டு கட்ட வேண்டும், முடியாவிட்டால் இடத்தை விட்டுவிட வேண்டும். 1952, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. திருவிழாவுக்கு மாலை ஆறு மணிவரைதான் அனுமதி. அந்த வருடம் பார்த்து அவளுக்குப் பாட்டு வரவில்லை. நாத்தனார் வேலாயியோ ஒரு பாட்டோடு தயாராக இருந்தாள்.

பால் நிறுக்கும் இடத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சேகரன் பத்திரிகையில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தான். வாயுவும் தூசும் கலந்த மேகமொன்று தன் பாரத்தாலேயே சுருங்கியதாம். சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்று, தட்டையாகி, பெரும்பகுதி நடுவில் குவிந்து சூரியனானதாம். வெளியே மிஞ்சிய தூசு ஒன்றோடொன்று ஒட்டி, கல்லாகி, கோளானதாம்.

"தம்பி, இது கும்மிதானே?" என்றாள் ராமாத்தாள்.

திருவிழாவன்று நடுவிலிருந்த முளைப்பாரியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"நடுவுல ஒண்ணுமில்லாம எதைச் சுத்துறது அண்ணி? ஒங்க பெருமையவா?" என்றாள் வேலாயி.

"மொதல்ல நடுன்னு ஒண்ணே கெடையாதுடி. சுத்தச் சுத்தத்தான் வரும்."

தூசும் புகையும் சுத்துதடி – அது
சுருங்கச் சுருங்க வேகமடி

கும்மி வட்டம் ஒருநாளும் சுருங்காது, இன்று சுருங்கியது. உள்ளே போகப்போகக் கால்கள் தாமாகவே ஓடின. கொண்டைகள் அவிழ்ந்தன. பெத்தம்மாள் மங்களத்தின் மேல் சாய, மங்களம் அன்னம்மாவைப் பிடிக்க, ஒட்டியவர்கள் பிரியவில்லை. எல்லாரும் நடுவே குவியலாக விழுந்து சிரித்தார்கள். அடியில் ராமாத்தாள்.

வேலாயி மட்டும் வீம்பாக உள்ளே நுழையவில்லை. ஆனால் நிற்கவும் முடியவில்லை. பக்கத்தில் ஆடிய சுசீலாவைப் பிடித்தபடி குவியலைச் சுற்றிச் சுற்றி ஓடினாள்.

கேட்டில் நின்ற மலாய்க் காவலர் வந்து கடிகாரத்தைக் காட்டினார். "அக்கா, மணி ஆறு லா."

"சூரியனே இப்பத்தான்யா பொறந்திருக்கு. அதுக்குள்ள எப்படி ஆறாகும்?" என்றது குவியலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் கொடுத்தார். கோயில் தலைவர் அப்புசாமி தலைக்காரிக்குரிய வெற்றிலைத் தட்டோடு வேலாயியைப் பார்த்தார். "ஒன் பாட்டைப் பாடுறியாம்மா?"

வேலாயி வாயைத் திறந்தாள், சிரிப்புத்தான் வந்தது. தட்டை வாங்கித் தள்ளாடியபடி தானே குவியலிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"இந்த வருசம் நீங்களே வச்சுக்குங்க அண்ணி. அடுத்த வருசம் நெலா எப்படி வந்துச்சுன்னு நான் பாடுறேன். நீங்க சுத்துங்க."